ஐஸ் தொட்டியில் குறைந்துபோன உப்பு

நெளுக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் கணித மாஸ்டர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தபோது, கையில் இருந்த கேள்வித்தாளை மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்கு. ஒரு தொட்டி நிறைய உப்புக்கரைசல். ஒரு பக்கத்தால் நல்ல தண்ணீர் உள்ளே வருகிறது. நன்றாகக் கலந்த கரைசல் அதே வேகத்தில் மறுபக்கத்தால் வழிந்து போகிறது. இன்ன நேரத்துக்குப் பிறகு தொட்டியில் எவ்வளவு உப்பு மிஞ்சும்?

“வகுப்பில ஒரு பெட்டை எழும்பிக் கேக்கிறாள், ‘சேர், எந்த விசரன் இப்பிடித் தண்ணியைத் திறந்துவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிப்பான்?’ எண்டு. முழு வகுப்பும் சிரிச்சிது” என்றார்.

“பாத்துக்கொண்டு நிக்கமாட்டான் மாஸ்டர். மறந்துபோயிருப்பான்” என்றேன். “அந்தத் தொட்டியில நான் வேலை செய்தனான்.”

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பியதும் அவர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் முல்லைத்தீவுக் கரையில் இருந்த ஒரு ஐஸ் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நான் கடல்தொழில் செய்பவரின் மகன். ஆனால் தோணி கரையை விட்டு இருபது பாகம் போவதற்குள் எனக்கு வயிற்றைப் பிரட்டும். மூன்று வருடம் வாந்தியெடுத்த பிறகு என் தகப்பனார் பொறுமை இழந்தார். “மரியதாஸ், உன்னால மீனுக்குத்தான் சாப்பாடு. கரையில ஏதும் வேலையைப் பார்” என்றார். மீன் பிடிக்க முடியாதவன் மீனுக்கு ஐஸ் செய்யப் போனேன்.

ஐஸ் செய்வதற்கு உப்பு எதற்கு என்று பலர் கேட்பார்கள். தண்ணீர் உறையும் குளிரில் உப்புநீர் உறையாது. பெரிய இரும்புத் தொட்டி ஒன்றில் உப்புநீரை நிரப்பி, அமோனியாக் குழாய்களால் அதைக் கடுமையாகக் குளிராக்குவோம். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை அந்த உப்புநீருக்குள் இறக்கினால், அச்சுக்குள் இருக்கும் தண்ணீர் கட்டியாக உறையும். சுற்றியிருக்கும் உப்புநீர் தண்ணீராகவே ஓடிக்கொண்டிருக்கும். தொட்டியின் மூலையில் ஒரு விசிறி சுழன்று அதை ஓயாமல் கலக்கும். மேலே மரப் பலகை மூடிகள். உப்புக் குறைந்தால் உப்புநீரே குழாய்களில் போய் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு குளிரும் இல்லை, ஐஸும் இல்லை.

எங்கள் தொட்டி மூவாயிரம் கலன் கொண்டது. கலனுக்கு இரண்டரை இறாத்தல் உப்பு இருக்கவேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் போர்மன் தம்பிராசா ஐயாவின் வேலை.

யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய குடும்பம் வட்டக்கச்சியில் காணி கிடைத்து வந்து நெல் விதைத்தது. அவர் மட்டும் இரும்பையும் குழாயையும் விடமுடியாமல் எங்களோடு இருந்தார். காக்கிக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கோபப்பட்டு ஒருவரையும் ஏசியதில்லை. ஏசினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி கேள்வி கேட்பார்.

உப்பு அளப்பதை அவர் எனக்குப் பழக்கிய விதத்தைச் சொல்லவேண்டும். தொட்டியில் மூன்று இடங்களில் உப்புநீர் எடுத்து, உயரமான கண்ணாடிச் சாடியில் ஊற்ற வேண்டும். நுரை அடங்கும்வரை நிற்கவேண்டும். பிறகு மீட்டரை, அதாவது அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழலை, இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சுழற்றி விடவேண்டும். அப்போதுதான் சாடியின் சுவரில் ஒட்டாமல் நடுவில் மிதக்கும். உப்புக் கூடினால் குழல் மேலே நிற்கும், குறைந்தால் தாழும். அடுத்ததுதான் முக்கியம். முழங்காலில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, நீர்மட்டத்துக்கு நேரே பார்க்கவேண்டும். தண்ணீர் கண்ணாடியோடு ஏறி நிற்கும் விளிம்பைப் பார்க்கக்கூடாது, அதற்குக் கீழே உள்ள கோட்டைப் பார்க்கவேண்டும். அந்த எண்ணைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் தேடினால் கலனுக்கு எத்தனை இறாத்தல் என்று வரும்.

முதல் நாள் நான் நின்றபடியே குனிந்து பார்த்துவிட்டு, “கிட்டத்தட்ட இரண்டரை ஐயா” என்றேன்.

“எந்தக் கிட்ட, எந்தத் தட்ட?” என்றார். “முழங்காலில நில்லும்.”

அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். ஒரு முறை மட்டும் உப்பு மூட்டையை அவிழ்த்து அப்படியே தொட்டிக்குள் கொட்டிவிட்டேன். உப்பு அடியில் போய்க் கட்டிபட்டது. அதை இடித்துக் கரைக்க, உறைகுளிர் உப்புநீருக்குள் மூங்கில் தடியை விட்டுக் குத்திக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தொட்டி விளிம்பில் நின்றேன். மத்தியானம் ஐயா வந்து, “கை கால் இருக்கோ?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு பீப்பாயில் கரைத்து, சாக்கால் வடித்துத்தான் ஊற்றுவேன்.

தொட்டி வேலைக்கு இன்னொருவர் இருந்தார், பெயர் சூசை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். உறைந்த கட்டிகளை அச்சிலிருந்து கழற்றி உமிக்குள் அடுக்குவது அவர் வேலை. உழைப்பில் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில். வாயைத் திறந்தால் புளுகு. பெரிய திருக்கை மீன் ஒன்று தன்னைத் தோணியோடு திருகோணமலை வரை இழுத்துக்கொண்டு போனதென்று சத்தியம் செய்வார். நாங்கள் சிரிப்போம். அடுத்த முறை அதே திருக்கை மட்டக்களப்பு வரை போயிருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், தென்மேற்குக் காற்று வீச, எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாகக் கிடந்த சோளகக் காலம் அது. நீர்கொழும்பிலிருந்து வந்த தொழிலாளர்கள் கரை நெடுக வாடி, அதாவது தற்காலிகக் கொட்டில், போட்டிருந்தார்கள். மீன் குவிந்தது. எத்தனை கட்டி செய்தாலும் போதவில்லை. காலை ஆறு மணிக்கு ஐயாவும் நானும் வேலை தொடங்குவோம். அவர் தொட்டியடியில், நான் இயந்திர அறையில். பன்னிரண்டு மணிக்குச் சூசை வந்து தொட்டியைப் பொறுப்பெடுப்பார். இயந்திர அறை மட்டும் பின்னேரம் வரை என்னிடம்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, கொஞ்சம் காற்று வாங்க வெளியே வந்தேன். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கானில் ஐந்து மாடுகள் வரிசையாக நின்று நக்கிக்கொண்டிருந்தன. அது தொட்டி நிரம்பி வழிந்தால் மட்டும் தண்ணீர் போகும் கான். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். அன்று ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். அச்சுகளுக்கு நல்ல தண்ணீர் நிரப்பும் றப்பர்க் குழாயின் வாய் ஒரு மூடிப் பலகையின் கீழே உப்புநீருக்குள் மூழ்கிக் கிடந்தது. சத்தமே இல்லாமல் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாய்ந்து போய்க் குழாயைப் பூட்டினேன். சுவர் மணிக்கூடு சரியாக இரண்டைக் காட்டியது.

ஐயா வந்தார். மூன்று இடத்தில் எடுத்தார், நுரை அடங்கும்வரை நின்றார், முழங்காலில் இறங்கினார். அவ்வளவு அவசரத்திலும் அவர் ஒரு படியையும் விடவில்லை என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“ஒண்டரை” என்றார்.

இரண்டரை இருந்த இடத்தில் ஒன்றரை. அமோனியாக் குழாய்களில் அப்போதே வெண்மையாக ஐஸ் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

சத்தம் கேட்டு முதலாளியும் அவருடைய கணக்கப்பிள்ளை செல்லத்துரையும் வந்துவிட்டார்கள். முதலாளி பருத்த ஆள், படியேறினாலே மூச்சு வாங்கும். “குழாயைத் திறந்து விட்டது ஆர்?” என்று கேட்டார்.

“நான் குழாயில கையே வைக்கேல்லை முதலாளி. வந்த நேரம் தொட்டு கட்டிதான் கழட்டிக்கொண்டு நிக்கிறன்” என்றார் சூசை.

நம்ப ஆளில்லை. கிணற்றுப் பம்பு ஓடிக்கொண்டே இருந்ததால், மேலே இருந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது செல்லத்துரை, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். நாலு கலன் பிடிக்கும் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் குழாயின் கீழே வைத்து நிரப்பச் சொன்னார். இருபத்துநாலு விநாடியில் நிரம்பியது.

“நிமிஷத்துக்குப் பத்துக் கலன்” என்றார். “உப்பில அஞ்சில ரெண்டு பங்கு போயிருக்கு. அப்ப தொட்டியில அஞ்சில ரெண்டு பங்கு வழிஞ்சிருக்கு. மூவாயிரத்தில அது ஆயிரத்து இருநூறு கலன். நூற்றிருபது நிமிஷம். ரெண்டு மணியிலயிருந்து ரெண்டு மணித்தியாலம் பின்னுக்குப் போங்கோ.”

பன்னிரண்டு மணி. சூசை வேலைக்கு வந்த நேரம்.

அவ்வளவு சுத்தமாக வந்து விழுந்த விடையை யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. “இது ஆரின்ர வேலையோ, அந்த ஆள் இண்டையோட வீட்டை போகவேண்டியதுதான்” என்றார் முதலாளி. சூசை உமி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். முந்தின வருடம் அவருடைய தோணி கடலில் போய்விட்டது. இந்த வேலைதான் அவர் வீட்டு அடுப்பு.

“முதல்ல தொட்டியைப் பாப்பம், முதலாளி” என்றார் ஐயா. “உப்புக் கரைக்க ஆள் வேணும். பின்னேரம் வரைக்கும் சூசை நிக்கட்டும்.”

கலனுக்கு ஒரு இறாத்தல் குறைவு. மூவாயிரம் கலனுக்கு மூவாயிரம் இறாத்தல், அதாவது நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் கொண்ட அந்தரில் இருபத்தேழுக்குக் கொஞ்சம் குறைய. களஞ்சியத்தில் ஆனையிறவு உப்பு அவ்வளவும் இருந்தது. நான் மூட்டையைத் தூக்க, ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். “தொட்டி விளிம்புமட்டும் நிக்குது. உப்பும் இடம் பிடிக்கும். அப்பிடியே போட்டால் கரைச்ச உப்புத் திரும்பவும் கானுக்குள்ளதான் போகும். மாட்டுக்குக் காணும்.” ஆகவே முதலில் தொட்டியிலிருந்து பீப்பாய்களில் உப்புநீரை இறக்கினோம். அதற்குள்ளேயே உப்பைக் கரைத்து வடித்து, தொட்டி கொள்ளும் அளவுக்குத் திருப்பி ஊற்றினோம். மிஞ்சியதைப் பீப்பாயிலேயே விட்டோம். வேலை ஒழுங்காக நடக்கத் தொடங்கியதும் ஐயா தன் மேசைக்குப் போய்விட்டார்.

பீப்பாயைக் கிண்டிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செல்லத்துரையின் கணக்கில், வழிந்து போன தண்ணீர் எல்லாமே இரண்டரை இறாத்தல் தண்ணீர். ஆனால் நான் போய்ப் பார்த்தபோது வழிந்தது ஒன்றரை இறாத்தல் தண்ணீர்தானே? விசிறி கலக்கிக்கொண்டே இருக்கிறது. நேரம் போகப் போக வழிகிற தண்ணீரிலும் உப்புக் குறைந்துகொண்டுதான் போயிருக்கும். அப்படியென்றால் அவ்வளவு உப்பும் வெளியே போக, அவர் சொன்னதைவிடக் கூட நேரம் எடுத்திருக்கவேண்டும். எவ்வளவு கூட?

எனக்கு அதற்குக் கணக்குத் தெரியாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன். ஆனால் கோப்பையால் அளக்கத் தெரியும். குசினியில் தேத்தண்ணீர் வைக்கும் பெரிய சட்டியை எடுத்தேன். இரண்டரை இறாத்தல் கணக்கில் உப்பைக் கரைத்து, அதில் பத்துக் கோப்பை ஊற்றினேன். இதுதான் தொட்டி. ஒரு கோப்பை என்றால் முந்நூறு கலன். குழாய் முந்நூறு கலன் விட அரை மணித்தியாலம். ஒரு கோப்பை உப்புநீரை வெளியே எடுத்தேன், ஒரு கோப்பை நல்ல தண்ணீரை விட்டேன், கலக்கினேன், சாடியில் ஊற்றி மீட்டரை விட்டேன். இரண்டேகால். சாடியில் இருந்ததைச் சட்டிக்குள் திருப்பி ஊற்றினேன். மறுபடி ஒரு கோப்பை. இரண்டுக்குச் சற்று மேலே. மூன்றாவதில் ஒன்றே முக்காலுக்கு மேலே. நாலாவது கோப்பையோடு செல்லத்துரையின் இரண்டு மணித்தியாலம் முடிந்தது. மீட்டர் இன்னும் ஒன்றரைக்கு இறங்கவில்லை. ஐந்தாவது கோப்பையில்தான் ஒன்றரையைத் தொட்டு, மயிரிழை கீழே நின்றது.

ஐந்து அரை மணித்தியாலம். பதினொன்றரை மணி. சூசை அப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

சந்தோஷத்தில் எழும்பினவன் அப்படியே நின்றுவிட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை இயந்திரத்தின் அமுக்கத்தை நான் கொப்பியில் எழுதவேண்டும். அன்று பதினொன்றரைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது ஐயா இயந்திர அறைக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கையில் தந்தி. “மரியதாஸ், என்ர மூத்தவளுக்குப் பெடியன் பிறந்திருக்கு!” என்று அந்த இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தினார். தபாற்காரன் வந்து கூப்பிட்டபோது அவர் தொட்டியடியில் அச்சுகளுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நின்றிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டால் சூசை போவார். வாயைத் திறந்தால் எனக்குத் தொழில் தந்த மனிதர் போவார். கடைசியில், முதலாளியிடம் போவதற்கு முதல் அவரிடமே போவது என்று முடிவு செய்தேன்.

ஐயாவின் மேசையில் மடக்கை அட்டவணைப் புத்தகம் திறந்து கிடந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே, “எத்தினை கோப்பை?” என்று கேட்டார். குசினிப் பக்கம் நான் செய்ததைப் பார்த்திருக்கிறார்.

“அஞ்சு ஐயா.”

“அரைக் கோப்பையாய் எடுத்தால் பத்துக்கு வரும். கோப்பையைச் சின்னனாக்கிக்கொண்டு போகப் போக என்ர விடைக்கு வரும். நூற்றி ஐம்பத்து மூண்டு நிமிஷம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினொண்டு இருபத்தேழு.”

என் பார்வை அவருக்குப் பக்கத்தில் கிடந்த தொட்டிக் கொப்பிக்குப் போனது.

“ஏன் முழிக்கிறீர்? எழுதிப்போட்டன்” என்று கொப்பியை என் பக்கம் திருப்பினார். சிவப்பு மையில் இருந்தது: ‘முற்பகல் 11.27 அளவில் நன்னீர்க் குழாய் மூடப்படாமல் தொட்டிக்குள் விடப்பட்டது. விட்டவர்: போர்மன்.’ கீழே கையெழுத்து.

சட்டியையும் கோப்பையையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போக, அவர் சூசையையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் அறைக்குள் போனார். சொல்லவேண்டியதை இரண்டு வசனத்தில் சொன்னார். முதலாளி நம்பவில்லை. சூசையைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். செல்லத்துரைக்கோ முகம் சிவந்துவிட்டது. “என்ர கணக்கில எங்க பிழை?” என்றார்.

“பெருக்கலில பிழையில்லை” என்றார் ஐயா. “கோப்பையை நீங்களே எடுங்கோ.”

செல்லத்துரை தானே எடுத்தார், தானே ஊற்றினார், தானே கலக்கினார். அவருக்கு நீதியாகச் சொல்லவேண்டும், ஒரு துளியும் சிந்தாமல் செய்தார். நாலாவது கோப்பையில், “இப்ப வரவேணும்” என்று குனிந்தார். “முழங்காலில நிண்டு பாக்கவேணும்” என்றேன் நான், பழக்கதோஷத்தில். அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முழங்காலில் இறங்கினார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஐந்தாவது கோப்பையை எடுத்தார்.

“ஓம்” என்றார் எழும்பி. “சூசை, பிழை என்ர. மன்னிச்சுக்கொள்ளும்.”

முதலாளி ஐயாவைப் பார்த்தார். “தம்பிராசர், நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஆர் சொல்லப்போறான்?”

“கொப்பியில ஒருநாள் பிழையாய் எழுதினால், பிறகு அதில இருக்கிற ஒண்டையும் நம்பேலாது முதலாளி.” ஐயா களஞ்சியப் பூட்டின் திறப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். “இது ஆரின்ர வேலையோ அந்த ஆள் இண்டையோட போகவேணும் எண்டு சொன்னியள்.”

சூசைதான் முன்னுக்கு வந்து திறப்பை எடுத்தார்.

“என்னை அனுப்பினால் ஒரு ஆள் குறையும், அவ்வளவுதான். ஐயாவை அனுப்பினால் ஆறாறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் முழங்காலில நிக்கிறது ஆர்? நீங்களோ முதலாளி?”

முதலாளி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசை ஆடும்படி சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சூசையிடம், “நானும் உன்னை நம்பேல்லையடா. என்னிலயும் பிழைதான்” என்றார்.

“அதில பிழையில்லை முதலாளி. அந்தத் திருக்கைக் கதையை நானே நம்பிறேல்லை” என்றார் சூசை.

அன்று பொழுதுபட முதல் தொட்டி மறுபடி இரண்டரைக்கு வந்தது. ஆனாலும் விடியக் கிடைக்கவேண்டிய கட்டிகள் மறுநாள் பத்து மணிக்குத்தான் உறைந்தன. வாடிக்காரர்கள் வாசலில் நின்று எங்களை ஏசித் தீர்த்தார்கள். ஒரு பகுதி மீன் கருவாடாகப் போனது. முதலாளி எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஐயாவுக்கு ஒரு தண்டனை கொடுத்தார். இரண்டு நாளைக்குத் தொழிற்சாலைப் படலைக்குள் கால் வைக்கக்கூடாது. வட்டக்கச்சிக்குப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வரவேண்டும். களஞ்சியம் காலியாகிவிட்டதால் உப்பு ஏற்ற லொறி மறுநாள் பரந்தன் வழியாக ஆனையிறவுக்குப் போகவிருந்தது. முன் இருக்கையில் சாரதியின் பக்கத்தில் இடம் ஒழுங்காயிற்று. ஐயா புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். லொறி ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. அவர் ஏறவில்லை. தொட்டியடிக்குப் போய், கொப்பியைத் திறந்து, அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனையால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். அதுவரை கொப்பியில் இல்லாத ஒரு நிரல். தலைப்பில் ‘குழாய்’ என்று எழுதினார்.

பிறகு போய்க் குழாயைக் கையால் தொட்டு இறுக்கிப் பார்த்தார். றப்பர்க் குழாயைச் சுருட்டி ஆணியில் கொழுவினார். திரும்பி வந்து, மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். பேனையைச் சூசையிடம் நீட்டினார்.

“ஐயா இப்பதானே பூட்டினியள், நான் பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றார் சூசை.

“பாத்தது காணாது. தொட்டுப்போட்டு வாரும்.”

சூசை போய்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்து, அவருடைய பெயருக்குக் கீழே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை தம்பிராசா ஐயா நின்றார். அதன் பிறகுதான் லொறியில் ஏறினார்.